பகல் சோற்றுக்கு வீடு திரும்பலாம்: வேலைக்கு நடுவே மலை ஏற ஒரு வழிகாட்டி

"மலைக்குப் போவோமா?" என்று கேட்டால் இலங்கை மலையகத்தில் வரும் முதல் பதில் "நேரம் எங்கே?" என்பதுதான். ஹட்டனில் வங்கியில் வேலை செய்பவரும் அதையே சொல்வார், பண்டாரவளையில் கடை வைத்திருப்பவரும் அதையே சொல்வார், கொழும்பில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் தம்பியும் அதையே சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு நாளை முழுதாக ஒதுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

அது தேவையே இல்லை. நம் மலைகளில் காட்சி என்று இருப்பதெல்லாம் விடியலுக்கும் காலை பத்து மணிக்கும் இடையில்தான். அதற்கப்புறம் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறி மூடிவிடும். பல மாதங்களில் பின்னேரம் மழையும் சேர்ந்துகொள்ளும். முழுநாள் லீவு போட்டுப் போனாலும் மலை தரப்போவது அரைநாள்தான். விடிய நாலரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் வீட்டில் சோறு சாப்பிடலாம், கடையைப் பின்னேரம் திறக்கலாம். அந்த அரைநாளை எப்படி எடுப்பது, எடுத்த அரைநாளை எப்படி வீணாக்காமல் இருப்பது என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாரம் முழுக்கக் கூடையோடு சரிவில் நின்று கொழுந்து எடுக்கிற அக்காவிடம் போய் "மலை ஏற வாறீங்களா?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். சிரிக்க அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. இது மேசையிலும் கவுண்டரிலும் வகுப்பறையிலும் கார்மெண்ட்ஸிலும் நாளைக் கழிக்கிறவர்களுக்கான கட்டுரை. மலைக்கு நடுவில் பிறந்தும் அதை பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்க்கிறவர்களுக்கானது.

முதல் வேலை: நாளைக் குறிப்பது

பெரும்பாலானோர் இடத்தைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். "ஹோட்டன் சமவெளிக்கு ஒரு நாள் போகணும்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒரு நாள் எந்த நாட்காட்டியிலும் வராது. நீங்கள் நாளைக் குறியுங்கள், இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாட்காட்டியை எடுத்து, முடியாத நாட்களை முதலில் வெட்டுங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழா, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பிள்ளைகளின் பரீட்சை, சொந்தத்தில் கல்யாணம், மாதக் கடைசிக் கணக்கு. மிஞ்சுவதில் மாதத்துக்கு ஒரு நாளை வட்டம் போடுங்கள். ஒன்று போதும். உற்சாகத்தில் வாராவாரம் என்று எழுதினால் இரண்டாவது மாதமே வீட்டிலும் வேலையிலும் முறைக்கத் தொடங்குவார்கள். வட்டம் போட்ட நாளுக்கு அடுத்த வாரத்தில் ஒரு மாற்று நாளும் வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் திட்டம் இறந்துபோகாது, ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்கென்றே வாய்த்தது போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. வருடத்தில் 12 அல்லது 13 வரும், திகதியும் முன்கூட்டியே தெரியும். இன்னொரு வசதியும் உண்டு. முழுநிலா மேற்கே இறங்குவது ஏறத்தாழ சூரியன் உதிக்கும் நேரத்தில்தான். வானம் தெளிவாக இருந்தால் அதிகாலை ஐந்து மணிக்குத் தோட்டத்து ரோட்டில் கல்லும் குழியும் கண்ணுக்குத் தெரியும். டோர்ச்சைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பியே நடக்க வேண்டியிருக்காது. போயாவில் ஒரே சிக்கல் பெயர் பெற்ற இடங்களின் கூட்டம். வெள்ளி அல்லது திங்களில் போயா வந்து மூன்று நாள் சேர்ந்தால் எல்ல, நுவரெலியா பக்கம் வாகனம் நகராது. அந்த நாட்களில் ஊருக்குள் இருக்கும் பெயரில்லாத மலையே மேல்.

போயாவை விட்டால், சனியா ஞாயிறா என்ற கேள்வி வரும். முடிந்தவர்கள் சனியை எடுங்கள். ஞாயிறு சந்தை, துணி துவைப்பு, டியூஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது என்று ஏற்கெனவே நிரம்பிய நாள். தவிர, பழக்கமில்லாத கால் இறக்கத்தில் வாங்கும் வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். ஞாயிறு ஏறினால் செவ்வாய்க்கிழமை வகுப்பறையில் படி இறங்கும்போது தொடை பேசும். சனி ஏறினால் அந்தப் பேச்சில் பாதி வீட்டோடு முடிந்துவிடும். கடைக்காரருக்கு வேறு கணக்கு: வியாபாரம் மந்தமான வாரநாளில் காலையை மட்டும் மூடிவிடலாம். ஷிப்ட் வேலைக்காரர்கள் இரவு ஷிப்ட் முடித்த காலையில் மலைக்குப் போகவே கூடாது; பகல் ஷிப்டுக்கு மாறும் இடைநாளைப் பிடியுங்கள்.

வீட்டில் முந்தின இரவு சொல்லாதீர்கள், முந்தின வாரமே சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒருவர் மட்டும் மாதாமாதம் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் அது நீடிக்காது. ஒரு மாதம் ஒருவர், அடுத்த மாதம் மற்றவர் என்று மாறிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளோடு சேர்ந்து சின்ன மலைக்குப் போங்கள்.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம்

இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். மலையகத்துக்கு இரண்டு முகம். மேற்கு முகம் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை. கிழக்கு முகம் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை மேற்கு முகத்தை நனைக்கும். அதே மாதங்களில் மலையைத் தாண்டி ஊவாவுக்கு, அதாவது அந்தக் கிழக்கு முகத்துக்கு, வரும்போது அது காய்ந்த காற்றாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ் காற்று கிழக்கு முகத்தை நனைக்கும். நுவரெலியா நடுவில் இருப்பதால் இரண்டு பக்க அடியும் வாங்கும்.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிற யாரையாவது கேளுங்கள், தேயிலைக்கு நல்ல விலை போகும் காலம் எது என்று. டிம்புளைப் பக்கத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை, ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. காய்ந்த காற்றும் குளிர்ந்த இரவும்தான் அந்த வாசனைக்குக் காரணம். தேயிலைக்கு நல்ல காலம் நடக்கிறவருக்கும் நல்ல காலம். ஆகவே வருடத்தின் முதல் மூன்று மாதம் ஹட்டன் பக்கம், ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஊவாப் பக்கம். ஊவாவில் அந்தக் காலத்தில் காற்று ஆளைத் தள்ளும். மானாப்புல் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும் மலை பற்றிக்கொள்ள. நெருப்பு வைத்துத் தேத்தண்ணி போடும் ஆசையை விட்டுவிட்டு பிளாஸ்கில் கொண்டுபோங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பக்கமும் பின்னேரத்தில் இடி. காலை பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த மாதங்களில் பதினொன்றரைக்குள் மொட்டை உச்சியிலிருந்து இறங்கிவிடுவது என்று தீர்மானமாக வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் பொழுதும் ஆறு மணிக்கு முன்பே சாய்ந்துவிடும்.

மண்சரிவைப் பற்றி மலையகத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, 2025 நவம்பரில் டித்வா புயல் செய்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் மலைக்குப் போகும் உற்சாகத்தில் மறந்துபோகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது, பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு. போகிற இடத்தின் பெயர் எந்த நிறத்தில் இருந்தாலும் அன்றைக்குப் போகாதீர்கள். மழை விட்ட மறுநாளும் சரிவு இறுகியிருக்காது. அந்தப் புயல் மலையக ரயில் பாதையையும் பல இடங்களில் உடைத்துப்போட்டது. அதனால் ரயிலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் அந்த வாரம் எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனில் விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

இடம்: வாசலிலிருந்து ஒரு மணி நேரம்

மாதாந்திர நடைக்கு என் அளவுகோல் இதுதான்: வீட்டு வாசலிலிருந்து ஏறத் தொடங்கும் இடத்துக்கு ஒரு மணி நேரம், போனால் ஒன்றரை. அதற்கு மேல் போனால் அரைநாள் கணக்கு உடைந்துவிடும். தூர இடங்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

நுவரெலியாக்காரர்களுக்கு சிங்கிள் ட்ரீ மலை இருக்கிறது. டவுனிலிருந்தே ஏறி, வேலைக்கு முன்பே இறங்கிவிடலாம். பக்கத்திலேயே நிற்கும் பிதுருதலாகல 2,524 மீட்டர், நாட்டிலேயே உயரம். ஆனால் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் படையினரும் இருப்பதால் நினைத்தபடி நடந்து ஏற முடியாது. கண்டிக்காரர்களுக்கு ஹந்தானை, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னாலேயே எழும்பி நிற்கிறது. முகில் மூடினால் புல்மலையில் பாதை பிடிபடாது, முதல் தடவை தெரிந்தவரோடு போங்கள். கண்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்கென்று தேயிலை நட்டது அங்கேதான்.

பண்டாரவளை, எல்லப் பக்கத்தில் புதியவர் தொடங்க வேண்டியது சின்ன சிவனொளிபாதம் என்று சொல்லப்படும் 1,141 மீட்டர் மலை. ஒரு மணி நேரத்துக்குள் உச்சி. எல்லப் பாறை அதைவிடக் கடினம், போய்வர நாலு மணி நேரம் பிடிக்கும். ரயில் பாதையோடு ஒட்டி நடக்கிற வழியில் போனால் காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புத்தளைக்காரர்களுக்கு லிப்டன் சீட். 1890இல் கட்டிய தம்பேதன்ன ஸ்டோர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து தேயிலை ரோட்டில் 7 கிலோமீட்டர் ஏற்றம். சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் ஆட்டோவில் மேலே போய் நடந்து இறங்கலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. பதுளை, பசறைப் பக்கம் நமுனுகுல 2,036 மீட்டர். அதை முதல் வருடத்தில் தொடாதீர்கள். தலவாக்கலைக்கு மேல் நிற்கும் கிரேட் வெஸ்டர்னும் அப்படித்தான். காடு அடர்த்தி, வழி தெரிந்தவர் இல்லாமல் போகக் கூடாது.

ஹோட்டன் சமவெளி ஒரு தனி உதாரணம், அரைநாள் கணக்கு எவ்வளவு சரியாகப் பொருந்தும் என்று காட்டுவதற்கு. வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக நாலரைக்குக் கிளம்பினால் திறக்கும் நேரத்தில் நிற்கலாம். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் அருவி என்று சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மெதுவாக நடந்தாலும் மூன்று, நாலு மணி நேரம். உலக முடிவில் செங்குத்தாக 870 மீட்டருக்கு மேல் பள்ளம். எட்டு மணிக்கு அங்கே நின்றால் அடிவரை தெரியும், பத்தரைக்கு நின்றால் வெள்ளைச் சுவர். பத்து மணிக்கு வெளியே வந்து பன்னிரண்டுக்கு நுவரெலியா. அதே பூங்காவில் தொட்டுபொலகந்த 2,357 மீட்டர், நாட்டின் மூன்றாவது உயரமான மலை. பட்டிப்பொல வாயிலிலிருந்து போகும் ரோட்டோரத்தில் தொடங்கும் சின்ன ஏற்றம்தான். பெரிய மலை ஏறினேன் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்த செலவில் கிடைக்கும் வாய்ப்பு. அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், உள்நாட்டுக் கட்டணத்துக்கு அது வேண்டும்.

கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் பீக்கோ பாதையும் அரைநாள்காரர்களுக்கு வசதியானது. 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் பழைய தோட்டத்து ரோடுகள்தான், ஏற்ற இறக்கம் மிதம். உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்தப் பகுதி வருகிறது என்று பார்த்து, அதிலும் பாதியை மட்டும் நடந்து பஸ் ஏறிவிடலாம்.

பெயர் பெற்ற மலை எதுவும் பக்கத்தில் இல்லையா? உங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன் வரை போய்ப் பாருங்கள். கடைசி லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, தாண்டிப் போகும் ரோடு எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பலருக்குத் தெரியாது.

முந்தின இரவு

காலை நாலு மணிக்குச் சாமான் தேடுகிறவர் ஐந்தரைக்குத்தான் கிளம்புவார். அந்த ஒன்றரை மணி நேரம்தான் மலை. ஆகவே எல்லாம் இரவே கதவோரத்தில் இருக்க வேண்டும்.

சப்பாத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். அடிப்பக்கம் தேயாத, விரலை நசுக்காத ஒன்று போதும். பாடசாலைக் கென்வாஸ் சப்பாத்தும் தோட்டத்து ரோட்டுக்குப் போதும். புதுச் சப்பாத்தை மலையில் முதல் முறை போடாதீர்கள், ஒரு வாரம் கடைத்தெருவுக்குப் போட்டுப் பழக்குங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் நீண்ட நகம் சப்பாத்து நுனியில் இடித்து நீலமாகிவிடும். காற்சட்டையை உள்ளே செருகும் அளவுக்கு நீளமான காலுறை இரண்டு சோடி, ஒன்று போட, ஒன்று மாற்ற. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.

100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.65 பாகை குளிரும். ஹோட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் கொழும்பைவிட 13, 14 பாகை குறைவு. ஜனவரி, பெப்ரவரி விடியலில் அங்கே புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ஒரே பெரிய கம்பளிச் சட்டையைவிட இரண்டு மெல்லிய உடுப்பு நல்லது. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம். மழைக்கு ரெயின்கோட். குடை புல்மலைக் காற்றில் நிற்காது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பாணும் வாழைப்பழமும் போதும் என்று நினைத்து எட்டு மணிக்கே சோர்ந்துபோவார்கள். தேங்காய் ரொட்டி இதற்கு நல்லது. இரவே சுட்டு ஆறவைத்து, நடுவில் கட்டைச் சம்பலைத் தடவி மடித்து, வாழையிலையிலோ டிபன் பெட்டியிலோ வையுங்கள். குளிரிலும் கல்லாகாது, நின்றுகொண்டே கடிக்கலாம். லஞ்ச் ஷீட்டில் சுற்றாதீர்கள். ஹோட்டன் சமவெளி வாயிலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். மற்ற மலைகளில் எடுக்க ஆள் இல்லை, அதனால்தான் அங்கே பாதையோரம் அந்த நிலையில் கிடக்கிறது. ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர், ஒரு பிளாஸ்க் இஞ்சி போட்ட பிளேன்டீ, ஒரு கைப்பிடி கச்சான், ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி. ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் மேலே மரக்கறித் தோட்டமும் தேயிலையும் இருந்தால் மருந்து கலந்திருக்கும், குடிக்காதீர்கள்.

போன் முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் வரும் போகும். எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

அப்புறம், தூங்குங்கள். மலைக்குப் போகும் நண்பர்கள் ஒரே வீட்டில் தங்கினால் யாரும் தூங்க மாட்டார்கள். அவரவர் வீட்டில் படுத்துக் காலையில் சந்தியில் சேருவதே நல்லது.

ஏறும்போது

நேரக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. நைஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது பழகிய காலுக்கு. புதியவர்கள் வரும் விடையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதிலிருந்து திரும்பும் நேரத்தைக் குறித்து, உச்சி பத்து நிமிடத் தூரத்தில் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்புங்கள். பன்னிரண்டுக்கு வீட்டில் இருப்பேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினால்தான் அடுத்த மாதம் விடுவார்கள்.

வேகம் பேச்சை வைத்து. மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேச முடிந்தால் சரியான வேகம். முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். இறக்கத்தில் முழங்காலை விறைக்காமல் சின்ன அடி வையுங்கள். ஒரு தடி இருந்தால் நல்லது; மரத்தை ஒடிக்க வேண்டாம், வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்.

தோட்டத்துக்குள் போகும்போது அது ஒருவருடைய வேலைத்தளம் என்பது நினைவிருக்கட்டும். முதலில் எதிர்ப்படும் வாச்சரிடமோ கங்காணியிடமோ இரண்டு வார்த்தை பேசுங்கள். அனுமதிக்காக மட்டும் சொல்லவில்லை, எந்தக் கூகிளுக்கும் தெரியாத தகவல் அங்கேதான் கிடைக்கும்.

"அண்ணே, இந்தக் குறுக்கு மேல போகுமா?"

"போகும் தம்பி. ஆனா அந்தப் பெரிய மரத்துல குளவி கட்டியிருக்கு. கீழ் ரோட்டால சுத்திப் போங்க."

இந்த ஒரு பதில் ஒரு நாளைக் காப்பாற்றும். குளவிதான் நம் மலைகளில் உண்மையான ஆபத்து. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி வராத மாதம் இல்லை. கூடு பெரிய மரக்கிளையிலும் பாறை விளிம்பின் அடியிலும் இருக்கும். பருந்து கொத்தினாலும் கலையும், யாராவது கல் எறிந்தாலும் கலையும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், பாறைக்கு அடியில் நின்று கூச்சல் போடாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே ஓடுங்கள். லயமோ வாகனமோ இருந்தால் உள்ளே போய்க் கதவை மூடுங்கள். கொடுக்கு தோலில் நின்றால் நகத்தால் உடனே சுரண்டி எடுக்க வேண்டும். நிறையக் கொட்டியிருந்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ யோசிக்காமல் 1990.

அட்டை அருவருப்புதான், ஆபத்தில்லை. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறைமேல் ஈரச் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டால் பாதி ஏறாது. மழைக்காலத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று காலைப் பாருங்கள். ஏறுகிற அட்டை நூல் மாதிரி இருக்கும். காலுறையின் பின்னலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அப்போதே சுண்டிவிடலாம். கடித்துவிட்டால் பிய்க்காமல், கடித்த முனைக்குப் பக்கத்தில் நகத்தை வைத்துத் தள்ளுங்கள், இல்லையென்றால் உப்பு. இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விடுவதால் கொஞ்ச நேரம் ஒழுகும். துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

இருட்டில் தேயிலைக்குள் தனியாக நடக்காதீர்கள், சிறுத்தை நடமாடும் நேரம் அது. விடியும் வரை ரோட்டோடு, கூட்டமாக, பேசிக்கொண்டு போங்கள். முகில் மூடி வழி தெரியாவிட்டால் இறங்கும் ஓடையைப் பிடித்துக் கீழே போகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். நம் ஓடைகள் அருவியில்தான் போய் முடியும். நின்ற இடத்தில் பத்து, இருபது நிமிடம் காத்திருங்கள், பெரும்பாலும் விலகும்.

சிவனொளிபாதமலை

எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள், அதனால் தனியாகச் சொல்கிறேன். 2,243 மீட்டர், நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 5,500 படி. டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை பருவகாலம். அப்போது வழியெல்லாம் வெளிச்சமும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும். இது மேலே சொன்ன அரைநாள் கணக்குக்குள் அடங்காது. உதயம் பார்க்க இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கே ஏறத் தொடங்க வேண்டும், அதாவது ஒரு இரவுத் தூக்கம் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை போங்கள், அடுத்த நாளுக்கும் சேர்த்து லீவு போடுங்கள். போயாவும் சனி ஞாயிறும் தவிர்த்து ஜனவரி, பெப்ரவரி வாரநாள் ஒன்றைப் பிடித்தால் படியில் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. முக்கியமாக, இறங்கியதும் அதே ஆள் வாகனத்தை ஓட்டக் கூடாது. இரவு முழுக்க விழித்து ஏறிய ஓட்டுநரும், ஹட்டன் ரோட்டு வளைவுகளும், வேன் நிறையப் பிள்ளைகளும் சேரக் கூடாத சேர்க்கை. நல்லதண்ணியில் நாலு மணி நேரம் படுத்து எழும்பிக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் மலை ஏறாத ஓட்டுநரை வையுங்கள்.

வாரநாட்களும் திரும்பிய பிறகும்

மாதம் ஒரு நாள் மட்டும் நடந்தால் ஒவ்வொரு மாதமும் முதல் மாதமாகத்தான் வலிக்கும். ஜிம் வேண்டாம். வீடு திரும்பும்போது ஒரு ஹோல்ட் முன்னால் இறங்கி ஏற்றத்தில் நடங்கள். வாரத்தில் இரண்டு நாள், கோயில் படியையோ ஆபீஸ் படியையோ பத்து நிமிடம் ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பழக்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு மேடு கிடைக்காது, மாடிப்படிதான் கதி.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சப்பாத்தைக் கழுவி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டு அடி பெயர்ந்துவிடும். இரவுக்குள் தாளை ஒருமுறை மாற்றினால் நுவரெலியாக் குளிரிலும் இரண்டு நாளில் காயும். குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால், விரல் இடுக்கில், இடுப்புப் பட்டி ஓரத்தில் அட்டை மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்காதீர்கள், இரவுத் தூக்கம் கெட்டு அடுத்த நாள் வேலை கெடும். நாட்காட்டியில் அடுத்த மாத வட்டத்தை அன்றைக்கே போட்டு, கூட வருகிறவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் போனால் அந்தச் சனிக்கிழமையை வேறு யாராவது ஒரு காதுகுத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள்.